வேலைக் கணக்கெடுக்க ஆள் வந்தால்: கொங்கு நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாட்டில் வேலையின்மை இத்தனை சதவீதம் என்று மாதந்தோறும் 15 ஆம் தேதியையொட்டிச் செய்தி வருகிறது. வாரத்தில் மூன்று ஷிப்ட் மட்டும் கிடைக்கிற பனியன் தொழிலாளி, சோமனூரில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர், காங்கேயத்துக் களத்தில் தேங்காய்ப் பருப்பு உலர்த்துகிற பெண், பொள்ளாச்சியில் கயிறு திரிக்கிறவர் ஆகியோர் அந்த ஒற்றை எண்ணுக்குள் எங்கே இருக்கிறார்கள்? நம் பகுதியில் தொழிலாளர்களும் சிறு தொழில் நடத்துவோரும் கல்லூரி மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்கெடுப்பவர் வாசலில் நிற்கும்போது நாம் சொல்கிற பதில்தான் பிறகு தேசத்தின் புள்ளிவிவரமாகிறது. கேள்வியின் பொருள் தெரிந்து பதில் சொன்னால் நம் உழைப்பு அதில் சரியாகப் பதிவாகும்.

வேலையின்மை விகிதத்தை யார் கணக்கிடுகிறார்கள்?

மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசியப் புள்ளியியல் அலுவலகம். புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் காலத்தில், 1950 இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் வாரிசு அது. முன்பெல்லாம் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்தது. 1972-73 இல் தொடங்கிய அந்த வரிசை 2011-12 உடன் முடிந்தது. 2017 ஏப்ரலில் காலமுறை தொழிலாளர் கணக்கெடுப்பு அதன் இடத்துக்கு வந்தது. 2025 ஜனவரியில் அதன் வடிவத்தையும் மாற்றி, மாதந்தோறும் எண் வெளியிடும் அளவுக்கு விரிவாக்கினார்கள். முதல் மாத அறிக்கை 2025 மே 15 அன்று வந்தது. அந்த ஏப்ரலில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் வேலையின்மை விகிதம் 5.1 சதவீதம்.

இந்த விகிதத்தைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மொத்த மக்களில் எத்தனை பேருக்கு வேலை இல்லை என்பது அல்ல இது. வேலையில் இருப்பவர்களையும் வேலைக்குத் தயாராக இருந்தும் கிடைக்காதவர்களையும் கூட்டினால் வருவது உழைப்புப் படை. அதில் வேலை கிடைக்காதவர்களின் பங்குதான் வேலையின்மை விகிதம். தேடித் தேடிச் சலித்து, இனி வேண்டாம் என்று வீட்டோடு இருந்துவிட்டவர் இந்தக் கணக்கிலிருந்தே விலகிவிடுகிறார். அவர் விலகுவதால் விகிதம் குறையவும் செய்யும். ஆகவே வேலையின்மை விகிதத்தோடு, மக்களில் எத்தனை சதவீதம் பேர் உழைப்புப் படையில் இருக்கிறார்கள் என்று சொல்லும் உழைப்புப் படைப் பங்கேற்பு விகிதத்தையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

எங்கள் தெருவுக்கு இதுவரை யாருமே வந்ததில்லையே?

வராமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். 2025 வடிவமைப்பில் நாடு முழுவதும் 12,504 கிராமங்கள், 10,188 நகர்ப்புற வட்டாரங்கள், ஒவ்வொன்றிலும் 12 வீடுகள் என ஏறத்தாழ 2.72 லட்சம் வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்வான வீட்டுக்குத் தொடர்ந்து நான்கு மாதங்களில் நான்கு முறை விசாரணை உண்டு.

ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் எந்த வியாபாரியும் எல்லா மூட்டையையும் பிரித்துப் பார்ப்பதில்லை, மாதிரியைப் பார்த்தே விலை வைக்கிறார். ஆனால் விற்பவர் நல்ல விரலி மஞ்சளாகப் பொறுக்கி மாதிரியில் வைத்தால் கணக்கு கெட்டுவிடும். கணக்கெடுப்பிலும் அதே சிக்கல் இருப்பதால் எந்த ஊர், எந்த வீடு என்பதைக் களப்பணியாளர் தம் விருப்பப்படி முடிவு செய்ய முடியாது. வட்டாரத்தில் உள்ள வீடுகளை முதலில் பட்டியலிட்டு, அவற்றைப் பிரிவுகளாக வகுத்து, பிறகு குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். ஊர்த் தலைவர் கைகாட்டும் வீட்டைப் பதிவு செய்துவிட்டுப் போவதற்கு இதில் இடமில்லை.

வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை பார்த்தாலே ‘வேலையில் இருப்பவர்’ என்று எழுதுவது உண்மையா?

உண்மைதான். நம் ஊரில் அதிகம் கோபத்தைக் கிளப்புகிற விதியும் இதுதான்.

கணக்கெடுக்கும் நாளுக்கு முந்தைய ஏழு நாட்களில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது பொருளாதாரப் பயனுள்ள வேலை செய்திருந்தால், நடப்பு வாரநிலைக் கணக்கின்படி நீங்கள் வேலையில் இருப்பவர். இது இந்தியா தன்னிச்சையாக வைத்துக்கொண்ட அளவு அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கூட்டுகிற தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு 1982 இல் நிறைவேற்றிய தீர்மானத்திலும், 2013 இல் அதைப் புதுப்பித்த தீர்மானத்திலும் இந்த ஒரு மணி நேர அளவு இருக்கிறது. காலையில் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் இட்லி சுட்டு விற்கிறவரின் வருமானம் தேசிய வருமானத்தில் சேர்கிறது. அந்த வருமானத்தை உண்டாக்கிய உழைப்பும் வேலைவாய்ப்புக் கணக்கில் இருந்தால்தான் இரண்டையும் பொருத்திப் பார்க்க முடியும். மேலும், வேலை முழுவதுமாக இல்லாத நிலையை வேலை போதாத நிலையோடு கலக்காமல் தனியாக அளக்க வேண்டும் என்பதும் மாநாட்டின் நோக்கம்.

இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் பாதி வாதத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவதை ஏற்க முடியாது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமாக உயர்ந்தபோது திருப்பூர் முழுவதும் ஆர்டரைப் பற்றித்தான் பேச்சு. ஆர்டர் குறையும்போது ஏற்றுமதிக் கம்பெனி முதல் நாளே ஆளை நிறுத்துவதில்லை. முதலில் ஓவர்டைம் போகும், பிறகு ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகும், பிறகு வாரத்தில் இரண்டு நாள் லைன் ஓடாது. பீஸ் ரேட்டில் தைக்கிற ஓவர்லாக் டெய்லருக்குச் சனிக்கிழமைச் சம்பளம் பாதியாகிவிடும். ஆனாலும் வேலையின்மை விகிதத்தில் அவரால் ஒரு புள்ளிகூட ஏறாது, ஏனென்றால் அவர் ‘வேலையில் இருப்பவர்’.

அவருடைய பாதிப்பு வேறு அட்டவணைகளில் பதிவாகிறது. ஏழு நாட்களில் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள், கூடுதல் நேரம் கிடைத்தால் செய்யத் தயாரா என்று கணக்கெடுப்பவர் கேட்கிறார். வருமானத்தையும் கேட்கிறார். மாதச் சம்பளக்காரரிடம் சென்ற மாதச் சம்பளம், தினக்கூலிக்காரரிடம் அந்த வாரத்தின் ஒவ்வொரு நாள் கூலி, சுயதொழில் செய்பவரிடம் கடந்த 30 நாள் வருவாய். இந்தக் கேள்விகளுக்கு ‘எப்போதும் போலத்தான்’ என்று பதில் சொல்லிவிட்டால் ஆர்டர் இல்லாத அந்த மாதங்கள் தேசியக் கணக்கில் நடக்காததாகிவிடும். இந்த வாரம் எத்தனை ஷிப்ட், எத்தனை மணி நேரம் என்று நினைவுபடுத்திச் சொல்லுங்கள்.

என் மனைவி வீட்டில் சும்மாதான் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

சரியில்லை. கொங்கு நாட்டில் புள்ளிவிவரம் அதிகமாகத் தவறுகிற இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டை எடுத்துக்கொள்வோம். களப்பணியாளர் டேப்லெட்டோடு வாசலில் நிற்கிறார். ‘அம்மா, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்று கேட்கிறார். ‘நான் சும்மாதானுங்க இருக்கிறேன்’ என்று பதில் வருகிறது. அந்தப் பதிலை அப்படியே பதிந்தால் அவர் வீட்டு வேலை மட்டும் செய்பவர் என்ற 92 ஆம் குறியீட்டுக்குள் போய்விடுவார், உழைப்புப் படையிலேயே இருக்கமாட்டார். ஆனால் அந்த அம்மா விடியற்காலையில் எழுந்து இரண்டு எருமைகளுக்குத் தீவனம் வைத்து, பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்திருக்கிறார். பகலில் கணவர் தறி ஓட்டும்போது ஊடை நூலுக்குத் தார் சுற்றிக் கொடுக்கிறார். மாலையில் பனியன் கம்பெனியிலிருந்து வந்த மூட்டையைப் பிரித்துப் பிசிர் வெட்டுகிறார். விற்பனைக்குப் பால், சந்தைக்குப் போகும் துணிக்கான உதவி, கூலிக்குப் பிசிர் வெட்டுதல் ஆகிய மூன்றுமே வேலைவாய்ப்பு. கணவர் பெயரில் இருக்கும் தறியில் சம்பளம் வாங்காமல் உதவுவது, குடும்பத் தொழிலில் உதவியாளர் என்ற 21 ஆம் குறியீட்டில் வரும்.

பயிற்சி பெற்ற களப்பணியாளர் ‘சும்மா’ என்ற பதிலோடு நிறுத்தமாட்டார். மாடு இருக்கிறதா, பால் யார் கறக்கிறார்கள், தறியில் யார் துணை என்று துருவிக் கேட்பார். ஆனால் அவருக்கும் நேரம் குறைவு, போக வேண்டிய வீடுகள் பல. ஆண்கள் முன்வந்து பதில் சொல்கிற வீடுகளில் பெண்ணின் வேலை இன்னும் எளிதாக நழுவிவிடும். அந்தக் கேள்விக்கு வீட்டுப் பெண்ணையே பதில் சொல்லவிடுங்கள்.

வீட்டுத் தேவைக்கு மட்டும் பால் கறந்தால் என்ன கணக்கு? இங்கே சர்வதேச அளவுகோலும் இந்திய நடைமுறையும் பிரிகின்றன. 2013 தீர்மானம் ‘வேலை’ என்ற பெரிய வட்டத்தையும் ‘வேலைவாய்ப்பு’ என்ற சிறிய வட்டத்தையும் தனித்தனியே வரைந்தது. கூலிக்கோ லாபத்துக்கோ செய்வது மட்டும் வேலைவாய்ப்பு. தன் வீட்டுப் பயன்பாட்டுக்கு விளைவிப்பதும் கறப்பதும் சமைப்பதும் குழந்தை வளர்ப்பதும் சொந்தப் பயன்பாட்டு உற்பத்தி வேலை. அதையும் அளக்க வேண்டும், ஆனால் தனியாக அளக்க வேண்டும் என்றது தீர்மானம். இந்தியக் கணக்கெடுப்போ, சொந்த உணவுக்கு விளைவிக்கும் தானியத்தையும் கறக்கும் பாலையும் இன்றும் வேலைவாய்ப்பிலேயே சேர்க்கிறது. அந்தப் பாலைத் தயிராக்கி வீட்டில் உண்பதைச் சேர்ப்பதில்லை. எனவே நம் பெண்களின் பங்கேற்பு விகிதத்தை மற்ற நாடுகளோடு ஒப்பிடுபவர்கள் இந்த எல்லைக்கோட்டைப் பார்த்துவிட்டு ஒப்பிட வேண்டும்.

15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பங்கேற்பு 2017-18 இல் 23.3 சதவீதம், 2023-24 இல் 41.7 சதவீதம். பெரிய ஏற்றம்தான். ஆனால் 2023-24 இல் வேலையில் இருந்த பெண்களில் 67.4 சதவீதம் பேர் சுயதொழில் பிரிவினர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாத உதவியாளர்கள். சமையலும் பராமரிப்பும் எந்த வேலைவாய்ப்பு அட்டவணையிலும் வராது. அவற்றுக்கு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று தனியாக ஒன்று உண்டு. 2024 கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிட்டார்கள், அதே வேலையில் ஈடுபட்ட ஆண்கள் 88 நிமிடம்.

கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறியாளர் முதலாளியா, தொழிலாளியா?

சொந்தக் கொட்டகை, சொந்தத் தறி, மின் இணைப்பும் அவர் பெயரில். பாவு நூல் மட்டும் ஜவுளி உற்பத்தியாளரிடமிருந்து வருகிறது. நெய்த துணி அவரிடமே திரும்பப் போகிறது. கூலியைப் பெரும்பாலும் உற்பத்தியாளர் தரப்பே தீர்மானிக்கிறது. பாவு வராத வாரம் தறி நிற்கும், ஆனால் தறிக்கு வாங்கிய கடனுக்குத் தவணை நிற்காது.

இந்தியக் கணக்கெடுப்பில் இவர் சுயதொழில் செய்பவர். ஆள் வைத்து ஓட்டினால் முதலாளி என்ற பிரிவில் வருவார், தாமும் குடும்பமுமாக ஓட்டினால் சொந்தக் கணக்கில் உழைப்பவர். 2018 இல் ஜெனீவாவில் கூடிய 20 ஆவது புள்ளியியலாளர் மாநாடு இப்படிப்பட்டவர்களுக்காகவே ஒரு புதிய வகையை ஏற்படுத்தியது. வேலை ஒப்பந்தம் கிடையாது, வணிக ஒப்பந்தம்தான். ஆனால் வேலையின் ஒழுங்குக்கோ வருமானத்துக்கோ சந்தைக்கோ இன்னொரு நிறுவனத்தையே நம்பியிருப்பவர். இவர்களைச் சார்பு ஒப்பந்ததாரர்கள் என்று தனியாக எண்ணச் சொன்னது மாநாடு. பல்லடம், சோமனூர் பகுதித் தறியாளர்களை மனத்தில் வைத்து எழுதியதுபோல இருக்கிறது அந்த வரையறை. நம் அறிக்கைகளில் இவர்கள் இன்னும் பெட்டிக்கடைக்காரரோடும் சொந்த நிலத்தில் உழுகிற விவசாயியோடும் ஒரே பிரிவில்தான் இருக்கிறார்கள். 2023-24 இல் நாட்டில் வேலை செய்வோரில் 58.4 சதவீதம் பேர் அந்தப் பிரிவு. இவ்வளவு பெரிய பிரிவை உடைத்துக் காட்டாத வரையில் கூலி உயர்வுப் பேச்சுவார்த்தையில் நம் தறியாளர்களுக்கு அரசு எண் ஒன்றும் துணைக்கு வராது.

இன்னொன்றும் உண்டு. கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்திப் போராடுகிற வாரத்தில் கணக்கெடுப்பவர் வந்தால், ‘தொழில் இருக்கிறது, வேறு காரணத்தால் அந்த வாரம் செய்யவில்லை’ என்று பதிவார். போராடுகிற தறியாளரும் வேலையில் இருப்பவராகவே எண்ணப்படுவார்.

ஒற்றை வேலையின்மை எண் நம் நாட்டுக்குப் போதாது என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. வேலையின்மையை எப்படி மதிப்பிடுவது என்று ஆராய்ந்து 1970 இல் அறிக்கை தந்த தாந்த்வாலா நிபுணர் குழு இதையே சொன்னது. குடும்பத் தொழிலும் சுயதொழிலும் நிறைந்த பொருளாதாரத்தில் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் அடக்காமல் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டச் சொன்னது அந்தக் குழு. பிறகு வந்த கணக்கெடுப்புகளில் ஒரு வருடத்து வழக்கமான நிலை, ஒரு வாரத்து நிலை என்று பல அளவுகள் வைத்திருப்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ஆறு மாதம் மஞ்சள் காட்டிலும் மீதி மாதங்கள் பனியன் கம்பெனியிலும் உழைக்கிற குடும்பங்கள் இருக்கிற நமக்கு அந்த இரண்டு அளவும் வேண்டும்.

ஒடிசா, பீகாரிலிருந்து வந்திருப்பவர்களும் கணக்கில் வருகிறார்களா?

விதிப்படி வருகிறார்கள். ஒன்றாகத் தங்கி ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்களே ஒரு குடும்பம் என்பது வரையறை. விடுதியில் தங்கியிருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒற்றை ஆள் குடும்பம். சிலர் பணத்தைச் சேர்த்துச் செலவு செய்து வாழ்ந்தால் அவர்கள் சேர்ந்து ஒரு குடும்பம். நிலையான தங்குமிடமே இல்லாதவர்கள் விடுபடுகிறார்கள்.

நடைமுறை வேறு. கம்பெனி வளாகத்துக்குள் இருக்கும் விடுதிக்குக் காவலாளியைத் தாண்டிப் போக வேண்டும். இரவு ஷிப்ட் முடித்து உறங்குகிறவரை எழுப்ப வேண்டும். ஒடியா தெரிந்த ஒருவர் வேண்டும். விடுதி நடத்துபவர்கள் கணக்கெடுப்பாளரை உள்ளே விடுவது சட்டத்துக்குச் செய்யும் ஒத்துழைப்பு மட்டுமல்ல. நம் ஊர்த் தொழில் யார் உழைப்பில் நிற்கிறது என்பதை நாடு அறியச் செய்வதும் அதுவே.

சர்வதேச அளவுகோலை அரசு பின்பற்றியே ஆக வேண்டுமா?

இதில் இரண்டு அடுக்கு. புள்ளியியலாளர் மாநாடு 1923 முதல் கூடி வருகிறது. அதன் தீர்மானங்கள் வழிகாட்டிகள், சட்டம் அல்ல. ஏற்றுக்கொண்ட நாட்டைக் கட்டுப்படுத்துவது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1985 ஆம் ஆண்டின் 160 ஆவது உடன்படிக்கை, தொழிலாளர் புள்ளிவிவர உடன்படிக்கை. இந்தியா 1992 இல் அதை ஏற்றது.

வேலைவாய்ப்பு, வேலையின்மை, ஊதியம், வேலை நேரம், உழைப்புச் செலவு, விலைக் குறியீடு, குடும்பச் செலவு, பணிக்கால விபத்து, தொழில் தகராறு என்று பல தலைப்புகளை அது பட்டியலிடுகிறது. ஏற்கும் நாடு அவற்றில் ஒன்றையோ பலவற்றையோ தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆனால் பொதுக் கடமைகள் எல்லோருக்கும் உண்டு. வரையறைகளையும் முறைகளையும் வகுக்கும்போது முதலாளிகள், தொழிலாளர்கள் ஆகிய இரு தரப்பு அமைப்புகளையும் கலந்தாலோசிக்க வேண்டும். வெளியிட்ட எண்களைக் கூடிய விரைவில் சர்வதேசத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். எப்படிக் கணக்கிட்டோம் என்ற விளக்கத்தையும் வெளியிட வேண்டும். நம் தொழிற்சங்கங்கள் அந்தக் கலந்தாலோசனை உரிமையைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் வருத்தம். ‘சார்பு ஒப்பந்ததாரர்’ என்ற வகையை அறிக்கையில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தானே வீடு வீடாகக் கணக்கெடுப்பதில்லை. நாடுகள் தரும் தரவைத் தன் வரையறைக்கு ஏற்ப மறுபடி கணக்கிட்டும், இடைவெளிகளைக் கணித மாதிரிகள் (மாடல்கள்) மூலம் மதிப்பிட்டும் வெளியிடுகிறது. அதனால் இந்தியாவைப் பற்றி அது தரும் எண்ணும் நம் அரசு தரும் எண்ணும் ஒத்துப்போகாமல் இருப்பது இயல்பு.

கம்பெனிகளிடம் கணக்குக் கேட்பதில்லையா?

கேட்கிறார்கள். பதிவு பெற்ற தொழிற்சாலைகளிடம் ஆண்டுதோறும் தொழில்துறைக் கணக்கெடுப்பு நடக்கிறது. எத்தனை ஆள், எத்தனை ஆள்நாள், எவ்வளவு சம்பளம், நேரடி ஆள் எத்தனை, ஒப்பந்த ஆள் எத்தனை என்பதெல்லாம் அதில் உண்டு. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் மின்சாரம் பயன்படுத்தினால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் இருந்தால் அது தொழிற்சாலை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தில் அது 20, 40 என்று உயர்ந்திருக்கிறது. அதற்குக் கீழே உள்ள ஜாப் ஒர்க் யூனிட்டுகள், பட்டறைகள், கடைகள் ஆகியவற்றுக்கு, கம்பெனியாகப் பதிவு பெறாத நிறுவனங்களின் ஆண்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. கோவையின் பம்புசெட் பட்டறைகளும் சேலத்தின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் பெரும்பாலும் இதன் வழியாகத்தான் நாட்டின் கணக்குக்குள் வருகின்றன.

வருங்கால வைப்பு நிதியில் இத்தனை லட்சம் புதிய உறுப்பினர்கள் சேர்ந்தார்கள் என்று வரும் செய்தியை அத்தனை புதிய வேலைகள் என்று படித்துவிடாதீர்கள். அந்தச் சட்டம் 20 பேர் உள்ள நிறுவனத்துக்குப் பொருந்தும். 19 பேர் இருந்த யூனிட்டில் இன்னொருவர் சேர்ந்ததும் 20 பெயர்கள் பட்டியலில் ஏறலாம், ஆனால் புதிய வேலை ஒன்றுதான்.

தறியில் விரல் போனால் அது எந்தக் கணக்கில் வரும்?

தொழிற்சாலையாகப் பதிவு பெற்ற இடமாக இருந்தால் வரும். விபத்தினால் ஒரு தொழிலாளி 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால் நிர்வாகம் ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டும் என்பது தொழிற்சாலைகள் சட்டம் வைத்த விதி. அந்த அறிவிப்புகளே மாநில, தேசிய எண்களாகத் தொகுக்கப்படுகின்றன. ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 8.8.1 என்ற குறியீடு கேட்பதும் இந்தக் கணக்கைத்தான்.

நான்கு தறி உள்ள கொட்டகையில் நடந்த விபத்துக்கு அறிவிப்பு கிடையாது, ஆகவே கணக்கும் கிடையாது. பெரிய யூனிட்டிலும் தனியார் மருத்துவமனையில் கட்டுப்போட்டு, கையில் ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிட்டால் அதோடு சரி. அறிவிப்பை நம்பி எழுதப்படும் எந்த எண்ணும் உண்மையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வார்ப்பட ஆலைகளும் விசைத்தறிகளும் நூற்பாலைகளும் நெருங்கி இருக்கிற நம் மாவட்டங்களில் விபத்து எண்ணிக்கை குறைவாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைவதற்கு ஒன்றுமில்லை. அடிபட்டவர் இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவரானால் அங்கே பணியிட விபத்து என்று பதியச் சொல்லுங்கள். அவருக்கு நிவாரணம் கிடைப்பதும் அந்தப் பதிவைக் கொண்டுதான்.

விலைவாசிப் புள்ளி என்பதும் தொழிலாளர் புள்ளிவிவரத்தில் ஒரு பகுதியா?

ஆம். ஆலைத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டை மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் தொழிலாளர் பணியகம் வெளியிடுகிறது. 2016 ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு நாட்டில் 88 மையங்களில் விலை திரட்டுகிறார்கள். கோவை, சேலம், குன்னூர் மூன்றும் அவற்றில் உண்டு. அகவிலைப்படி இந்தக் குறியீட்டோடு கட்டப்பட்டது.

சம்பளத்தையும் வருமானத்தையும் சொன்னால் வரித்துறைக்குப் போகுமா?

போகாது. 2008 ஆம் ஆண்டின் புள்ளிவிவரங்கள் சேகரிப்புச் சட்டம், தரும் தகவலைப் புள்ளியியல் நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்கிறது. ஐ.நா. பொதுச்சபை 2014 இல் ஏற்ற அரசுப் புள்ளியியலின் அடிப்படைக் கோட்பாடுகளும் இதையே வலியுறுத்துகின்றன. தனி ஆளை அடையாளம் காட்டும் தகவலை வெளியிட 160 ஆவது உடன்படிக்கையும் எந்த நாட்டையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆய்வாளர்களுக்கு வெளியிடும் வீட்டுவாரித் தரவில் பெயரும் முகவரியும் இருக்காது.

ஜி.எஸ்.டி. பயத்தில் ‘நான்கு பேர்தான் வேலை பார்க்கிறார்கள்’ என்று சொல்கிற யூனிட்டுகள் நம் பக்கம் உண்டு. நெருக்கடி வரும்போது அதே யூனிட்டுகள்தான் அரசு நிவாரணம் போதவில்லை என்கின்றன. நான்கு பேர் என்று பதிந்திருக்கும் தொழிலுக்கு நான்கு பேருக்கு உரிய கவனிப்புதான் கிடைக்கும்.

வருகிறவர் உண்மையான ஆள்தானா என்று அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள், அது உங்கள் உரிமை. ஓ.டி.பி., வங்கிக் கணக்கின் கடவுச்சொல் ஆகியவற்றை எந்தக் கணக்கெடுப்பும் கேட்காது.

திருப்பூர் மாவட்டத்துக்கு மட்டும் வேலையின்மை விகிதம் கிடைக்குமா?

மாத அறிக்கையில் அகில இந்திய எண் மட்டும்தான். மாநில எண்களுக்குக் காலாண்டு, ஆண்டு அறிக்கைகளைப் பார்க்க வேண்டும். 2025 முதல் மாதிரித் தேர்வுக்கு மாவட்டமே அடிப்படை அலகாகியிருக்கிறது. மாநில அரசின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையும் தன் பங்குக்குக் கூடுதல் மாதிரிகள் எடுத்தால் மாவட்ட எண்களுக்கு வழி பிறக்கும். சென்னையையும் திருப்பூரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் திருப்பூரின் நிலை யாருக்கும் தெரியாது. மாவட்ட எண் வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களும் தொழில் சங்கங்களும் கேட்க வேண்டிய நேரம் இது.

அரசு தனக்கு வேண்டியபடி எண்ணை மாற்றிவிட முடியாதா?

இந்த ஐயம் எழக் காரணம் இருக்கிறது. 2017-18 அறிக்கை வெளிவரத் தாமதமானபோது, 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர்கள் இருவர் பதவி விலகினார்கள். வேலையின்மை 6.1 சதவீதம் என்ற செய்தி பத்திரிகையில் கசிந்தது. பொதுத்தேர்தல் முடிந்து மே 31 அன்று அறிக்கை அதிகாரப்பூர்வமாக வந்தபோது அதே 6.1 இருந்தது. எண்ணை யாரும் மாற்றவில்லை. ஆனால் நேரத்துக்கு வராத எண் பாதிப் பயன்தான் தரும் என்பதை அந்த மாதங்கள் காட்டின.

இப்போது வெளியீட்டு நாட்களை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். வீட்டுவாரித் தரவும் பொதுவில் கிடைக்கிறது. கோவையிலோ ஈரோட்டிலோ ஒரு பொருளியல் மாணவி அந்தத் தரவைக் கொண்டு அரசின் எண்ணை மறுபடி கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். என் பார்வையில் எந்த வாக்குறுதியையும்விடப் பெரிய பாதுகாப்பு இது.

இந்த எண்களை எங்கே பார்ப்பது? எதை முதலில் பார்ப்பது?

புள்ளியியல் அமைச்சகத்தின் இணையதளத்திலும் அதன் இ-சாங்க்யிகி தளத்திலும் அறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மற்ற நாடுகளோடு ஒப்பிட, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஐ.எல்.ஓ.ஸ்டாட் தளம்.

செய்தித் தலைப்பில் வரும் வேலையின்மை விகிதத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஆண்டு அறிக்கையில் மூன்று அட்டவணைகளைத் தேடிப் படியுங்கள்: வேலை செய்வோர் சுயதொழில், மாதச் சம்பளம், தினக்கூலி என்று எப்படிப் பிரிகிறார்கள் என்பது, வாரத்துக்குச் சராசரி வேலை நேரம், ஒவ்வொரு பிரிவின் சராசரி வருமானம். மூன்றிலும் தமிழ்நாட்டுக்கு ஆண், பெண், கிராமம், நகரம் எனத் தனித்தனி வரிகள் இருக்கும். எந்த அளவின்படி கணக்கிட்டது, வழக்கமான நிலையா வாரநிலையா என்பதை அட்டவணையின் தலைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்குப் போய்விடுவோம். 2025 ஜனவரிக்கு முந்தைய எண்களைப் பிந்தைய எண்களோடு நேரடியாக ஒப்பிடும்போதும் அதே கவனம் வேண்டும், மாதிரியின் அளவும் வடிவமும் அந்த மாதத்தில்தான் மாறின.